சத்தம், புகை, சிவப்பு விளக்கு: பழைய பெர்ஃபார்மன்ஸ் காருக்கு ஆயில் தேர்ந்தெடுக்கும் வழி

இருபது முப்பது வருடம் ஓடிய வேகக் காரில் டிக் டிக் என்று சத்தம் கேட்க ஆரம்பித்ததும் எல்லோரும் சொல்வது, "கொஞ்சம் கெட்டியான ஆயில் போடுங்க, சரியாயிடும்." போட்டால் பெரும்பாலும் சத்தம் குறையவும் செய்யும். வம்பே அதில்தான் இருக்கிறது. தேய்ந்துபோன பேரிங்கும் அமைதியாகிவிடும், வால்வைத் தள்ளும் டேப்பெட் தளர்ந்திருந்தால் அதுவும் அமைதியாகிவிடும். எது என்று தெரியாமலே ஓட்டிக்கொண்டிருப்போம். அதனால் இங்கே பிராண்டு பெயரில் தொடங்கவில்லை. கோளாறு எப்போது வருகிறது, ஆறிய இன்ஜினிலா சூடான இன்ஜினிலா, ஐடிலிலா வேகத்திலா என்று பார்த்து, ஆயிலுக்கு அதில் பங்கு இருந்தால் மட்டும் கிரேடுக்கு, அதாவது டப்பாவில் உள்ள கெட்டித்தன்மை எண்ணுக்கு, வருவோம்.

எதையும் மாற்றும் முன்

காரைச் சமதளத்தில் நிறுத்தி, இன்ஜின் சூடான பிறகு அணைத்து, சில நிமிடம் கழித்து ஆயில் அளவு காட்டும் கம்பியை, அதாவது டிப்ஸ்டிக்கை, எடுங்கள். பல கார்களில் கீழ்க் கோட்டுக்கும் மேல் கோட்டுக்கும் இடையே ஏறக்குறைய ஒரு லிட்டர் இருக்கும். கீழே சொல்லப்போகும் கோளாறுகளில் பாதி, அந்த ஒரு லிட்டர் இல்லாததால் வருபவை. ஏர் கூல்டு போர்ஷே 911 வைத்திருப்பவர்களுக்கு மட்டும் வேறு கணக்கு. அது டிரை சம்ப், அதாவது ஆயில் இன்ஜினின் அடித்தொட்டியில் (சம்ப்) தேங்காமல் தனித் தொட்டியில் இருக்கும். நன்றாகச் சூடேறி ஐடிலில் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளவு பார்க்க வேண்டும். அணைத்துவிட்டுப் பார்த்து "குறைவு" என்று ஊற்றினால் அளவு மீறி, ஆயில் இன்டேக் பக்கம் ஏறிவிடும்.

டிப்ஸ்டிக்கில் வந்த ஆயிலை முகர்ந்து பாருங்கள். விரலில் தேய்த்துப் பாருங்கள். இப்போது உள்ளே இருப்பது என்ன கிரேடு, எந்த ஃபில்டர், எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று தெரியாவிட்டால், கையேட்டில் உள்ள கிரேடில் புது ஆயிலும் தரமான ஃபில்டரும் போட்டுவிட்டு அங்கிருந்து தொடங்குங்கள். என்ன ஊற்றியிருக்கிறது என்றே தெரியாத இன்ஜினில் அறிகுறி பார்ப்பது வீண் வேலை.

டப்பாவில் உள்ள எண்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 10டபிள்யூ-40 என்பதில் டபிள்யூவோடு சேர்ந்த எண் குளிரில் ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதற்கானது. அடுத்த எண் 100 டிகிரி செல்சியஸில் அதன் பாகுத்தன்மை. எஸ்ஏஇ (வாகனப் பொறியாளர் சங்கம்) வரையறைப்படி 30 என்றால் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்குக்குள் (பாகுத்தன்மையின் அலகு), 40 என்றால் 12.5 முதல் 16.3க்குள், 50 என்றால் 16.3 முதல் 21.9க்குள். ஆக, 30இன் மேல் விளிம்பில் உள்ள ஆயிலும் 40இன் கீழ் விளிம்பில் உள்ள ஆயிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். டப்பாவின் முன்பக்கத்தை மட்டும் பார்த்தால் இது தெரியாது, தயாரிப்பாளர் தரும் தரவுத் தாளைப் பார்க்க வேண்டும்.

அதே தாளில் எச்டிஎச்எஸ் என்று இன்னொரு எண் இருக்கும். 150 டிகிரியில், பேரிங்குக்குள் நசுங்கும் நிலையில், ஆயில் எவ்வளவு தாக்குப்பிடிக்கிறது என்பதன் அளவு அது. பழைய பெர்ஃபார்மன்ஸ் இன்ஜினுக்கு நான் முதலில் பார்ப்பது இதைத்தான். 3.5க்குக் கீழே இருந்தால் வேண்டாம். ஏசிஇஏ (ஐரோப்பியக் கார் தயாரிப்பாளர் சங்கம்) தரமான ஏ3/பி4 என்று போட்டிருந்தால் 3.5 உறுதி. ஏ5/பி5 என்றால் 2.9க்கும் 3.5க்கும் நடுவே. இரண்டு டப்பாவிலும் 5டபிள்யூ-30 என்றே அச்சிட்டிருப்பார்கள், ஆனால் சூட்டில் அவை இரண்டும் வேறு வேறு ஆயில்.

ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் சில நொடி கடகட, பிறகு அமைதி

ராத்திரி முழுக்க நின்ற காரில் மேல்பகுதி ஆயில் எல்லாம் சம்ப்புக்கு இறங்கிவிடுகிறது, அது திரும்ப ஏறும் வரை சத்தம். முதல் சந்தேகம் ஃபில்டர் மேல்தான் விழ வேண்டும். ஆயில் பின்னால் இறங்காமல் தடுக்கும் ரப்பர் வால்வு அதற்குள் இருக்கிறது. ஃபில்டர் பக்கவாட்டிலோ தலைகீழாகவோ மாட்டப்பட்ட இன்ஜினில் அந்த வால்வு இறுகிப்போனால் தினமும் காலையில் இதே கதைதான். சிலிக்கோன் வால்வு உள்ள ஃபில்டர் மாற்றிப் பாருங்கள்.

ஃபில்டர் மாற்றியும் போகவில்லை, உள்ளே 20டபிள்யூ-50 இருக்கிறது, ஊரும் குளிர்கிறது என்றால், முன் எண்ணைக் குறையுங்கள், பின் எண்ணைத் தொடாதீர்கள். 20டபிள்யூ-50க்குப் பதில் 10டபிள்யூ-50 அல்லது 5டபிள்யூ-50. சூட்டில் அதே பாதுகாப்பு, குளிரில் சீக்கிரம் ஏறும்.

டைமிங் செயின் உள்ள இன்ஜினில் இந்தக் கடகட மாதத்துக்கு மாதம் நீண்டுகொண்டே போனால் ஆயிலை விடுங்கள். செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும், அதை வழிநடத்தும் கைடையும் பார்க்க வேண்டும். எந்தச் சத்தமானாலும் அது அடங்கும் முன் ஆக்சிலேட்டரை மிதித்து ரேஸ் செய்ய வேண்டாம்.

சூடான பிறகும் டிக் டிக்

முதலில் இது இன்ஜின் உள்ளே இருந்துதான் வருகிறதா? எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கட் கசிந்தாலும் அச்சு அசலாக டேப்பெட் போலவே கேட்கும். ஆனால் அது ஆறிய இன்ஜினில் அதிகமாகவும், உலோகம் சூடேறி விரிந்ததும் குறைவாகவும் இருக்கும். இன்ஜெக்டர் சத்தம் லேசானது, தையல் மெஷின் சீரில் ஓடும். அதைக் கோளாறென்றே எடுத்துக்கொள்ள வேண்டாம். மெக்கானிக்கின் ஸ்டெதஸ்கோப் ஒன்று வாங்கிவைத்தால் ஊகத்துக்கு வேலை குறையும். நீண்ட ஸ்க்ரூடிரைவரின் பிடியைக் காதில் வைத்துக் கேட்பவர்களும் உண்டு, ஓடும் பெல்ட்டிலிருந்து தள்ளி நின்றால் சரி.

வால்வு பக்கம்தான் என்று உறுதியானால், அடுத்த கேள்வி உங்கள் இன்ஜினில் ஆயில் நிறைந்து இடைவெளியைத் தானே சரிசெய்யும் ஹைட்ராலிக் லிஃப்டரா, கையால் சரிசெய்ய வேண்டிய திட டேப்பெட்டா என்பது. டொயோட்டா சுப்ராவின் 2ஜேஇசட்-ஜிடிஇ இன்ஜினில் ஷிம் (மெல்லிய உலோகத் தட்டு) வைத்த பக்கெட் வடிவ டேப்பெட். ஹோண்டாவின் பி சீரிஸ் இன்ஜின்களில் ஸ்க்ரூ வைத்துச் சரிசெய்யும் ராக்கர் (வால்வை அழுத்தும் கை). இவை டிக்கடித்தால் வால்வு இடைவெளியை அளந்து சரிசெய்ய வேண்டும். எந்த ஆயில் ஊற்றினாலும் இடைவெளி மாறாது.

ஹைட்ராலிக் என்றால் ஆயிலுக்கு நிஜமாகவே வேலை உண்டு. முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5, மிட்சுபிஷியின் 4ஜி63 இன்ஜின் இரண்டும் இந்தச் சத்தத்துக்குப் பெயர் போனவை. லிஃப்டருக்குள் இருக்கும் நுண்ணிய வழியில் பழைய ஆயிலின் பிசின் படிந்துவிடுகிறது, உள்ளே ஆயில் நிறையாமல் லிஃப்டர் தளர்ந்து தட்டுகிறது. இங்கே கெட்டி ஆயில் எதிர்த் திசையில் வேலை செய்யும், அடைத்த வழியில் இன்னும் மெதுவாகத்தான் போகும். கையேட்டு கிரேடிலேயே சுத்திகரிப்புத் திறன் நன்றாக உள்ள சிந்தெடிக் ஆயிலை ஊற்றி, 1500 கிலோமீட்டரில் ஒருமுறை மாற்றுங்கள், மறுபடி ஒருமுறை மாற்றுங்கள். மெதுவாகத்தான் கரையும். பத்து நிமிடத்தில் கழுவித் தரும் ஃப்ளஷ் திரவத்தை, வருடக்கணக்கில் பராமரிக்காத இன்ஜினில் நான் ஊற்ற மாட்டேன். ஒரேயடியாகக் கழன்று வரும் கசடு சம்ப்பில் உள்ள சல்லடையை அடைத்தால், டிக் சத்தத்துக்குப் பதில் பேரிங் போய்விடும். இரண்டு மாற்றலுக்குப் பிறகும் 4ஜி63 அடங்கவில்லை என்றால், ஆயில் துளை பெரிதாக்கப்பட்ட பிற்கால லிஃப்டர்கள் கிடைக்கின்றன.

மெர்சிடிஸின் எம்119 வி8 தனி ரகம். வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டுக்கு மேலே ஆயில் கொண்டுபோகும் குழாய்களின் பிளாஸ்டிக் இணைப்புகள் காலப்போக்கில் வெடித்துவிடும், சத்தம் லிஃப்டரில் இருந்து வரும். குற்றவாளி அந்தச் சின்ன பிளாஸ்டிக். வால்வு கவரைக் கழற்றாமல் தெரியாது.

டிக் இல்லாமல், அடியிலிருந்து கனமான டொக் டொக், அதுவும் லோடு கொடுக்கும்போதோ ஆக்சிலேட்டரை விடும்போதோ வந்தால், இன்ஜினை அணையுங்கள். அது கனெக்டிங் ராட் பேரிங். ஓட்டிக்கொண்டே ஒர்க்‌ஷாப் போகலாம் என்று நினைக்காதீர்கள், டோ செய்யுங்கள்.

சூட்டில், ஐடிலில், பிரஷர் விளக்கு மினுக்குகிறது

இதில்தான் கெட்டி ஆயில் அதிகம் தவறாகப் பயன்படுகிறது, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

அளவு சரியாக இருந்தால், டேஷ்போர்டை நம்பாதீர்கள். பிரஷர் சுவிட்சைக் கழற்றி, அந்தத் துளையில் மெக்கானிக்கல் கேஜ் ஒன்றை மாட்டுங்கள். பழைய சுவிட்சும் சென்சாரும் பொய் சொல்வது சகஜம். தண்ணீரின் (கூலன்ட்) சூடு காட்டும் முள் நடுவுக்கு வந்ததும் அளக்கவும் கூடாது. கூலன்ட் சூடேறிய பிறகும் ஆயில் சூடேற இன்னும் பத்துப் பதினைந்து நிமிட ஓட்டம் வேண்டும். ஆயில் 90 முதல் 110 டிகிரியில் இருக்கும்போது ஐடிலில் ஒன்று, 3000 ஆர்பிஎம்மில் ஒன்று என்று இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பொதுவான கைக்கணக்கு: ஒவ்வொரு 1000 ஆர்பிஎம்முக்கும் சுமார் 10 பிஎஸ்ஐ, அதாவது 0.7 பார். உங்கள் இன்ஜினின் சர்வீஸ் கையேடு வேறு சொன்னால் அதுதான் சட்டம்.

கேஜ் சரியான எண்ணைக் காட்டினால் சுவிட்சை மாற்றுங்கள், வேலை முடிந்தது.

ஐடிலில் குறைவு, 3000இல் சரி என்றால் ஆயில் சூட்டில் தண்ணீராகிறது, அல்லது பேரிங் இடைவெளி வயதுக்கேற்பக் கூடியிருக்கிறது. பெட்ரோல் கலக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு ஒரே ஒரு படி மேலே போகலாம். 30 இருந்தால் 40, 40 இருந்தால் 50. இரண்டு படி தாவ வேண்டாம்.

இரண்டு இடத்திலும் குறைவு என்றால் கிரேடு பேச்சே கூடாது. சல்லடை அடைப்பு, அழுத்தம் மிகுந்தால் திறக்கும் ரிலீஃப் வால்வு திறந்தபடி மாட்டிக்கொண்டது, பம்ப் தேய்மானம், பேரிங் தேய்மானம் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். பழைய ஃபில்டரை வெட்டி, மடிப்புக் காகிதத்தை விரித்துக் காந்தம் வைத்துப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டுவது இரும்பு. ஒட்டாமல் மின்னும் செம்பு நிறச் செதில் பேரிங்கின் உள் அடுக்கு. அது தெரிந்துவிட்டால் 20டபிள்யூ-50 ஊற்றுவது நாளைத் தள்ளிப்போடுவது மட்டுமே.

கேஜில் ஏறும் பிரஷர் ஆயில் ஓட்டத்தின் அளவல்ல, ஓட்டத்துக்கு வரும் தடையின் அளவு. ஆறிய இன்ஜினில் முள் உச்சிக்குப் போய் நிற்பதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. அந்த நேரத்தில் ரிலீஃப் வால்வு திறந்து, பம்ப் தள்ளும் ஆயிலில் ஒரு பங்கு பேரிங்குக்குப் போகாமலே திரும்பிக்கொண்டிருக்கிறது.

பிஎம்டபிள்யூ இ46 எம்3இன் எஸ்54 இன்ஜினுக்கு நிறுவனமே 10டபிள்யூ-60 சொல்லியிருக்கிறது. ஆறியிருக்கும்போது அந்த ஆயில் கெட்டி என்பது அவர்களுக்கும் தெரியும். அதனால்தான் டேக்கோமீட்டரைச் சுற்றி விளக்குகள் வைத்து, ஆயில் சூடேறச் சூடேற ஒவ்வொன்றாக அணையும்படி செய்தார்கள். விளக்கு இல்லாத காரிலும் அதே ஒழுங்குதான் வேண்டும்: ஆயில் 80 டிகிரியைத் தொடும் வரை பாதி ஆர்பிஎம்முக்கு மேல் போகாதீர்கள். இவ்வளவு அகலமான கிரேடுகளில் பாகுத்தன்மையைத் தாங்கும் பாலிமர் அதிகம். அது ஓட ஓட நறுங்கி ஆயில் மெலிந்துபோகும். எனவே மாற்றும் இடைவெளியை நீட்ட வேண்டாம். எஸ்54க்குப் பொருந்துகிறது என்பதற்காக வேறு இன்ஜின்களில் 10டபிள்யூ-60 ஊற்றுவது வெறும் ஆசைதான்.

நீலப் புகை, அல்லது புகையே இல்லாமல் ஆயில் குறைகிறது

புகை வரும் நேரமே இடத்தைச் சொல்லிவிடும். ஸ்டார்ட் செய்ததும் ஒரு குபீர், பிறகு இல்லை என்றால் வால்வு ஸ்டெம் சீல். இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டு வந்து மறுபடி மிதிக்கும்போது வந்தால் வால்வு கைடு. இழுக்கும்போது தொடர்ந்து வந்தால் பிஸ்டன் ரிங். பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) ஏறும்போது மட்டும் வந்தால் டர்போ சீலையும், டர்போவிலிருந்து ஆயில் இறங்கும் குழாயையும் பாருங்கள். இதற்கெல்லாம் முன்னால், கிரான்க்கேஸில் (இன்ஜினின் அடிப்பகுதி) சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வை மாற்றிவிடுங்கள். அது அடைத்துக்கொண்டால் கிரான்க்கேஸில் அழுத்தம் ஏறி, நல்ல சீலிலும் ஆயில் வெளியேறும்.

புகை தெரியாமல் குறைந்தால் ஆவியாதலும் ஒரு காரணம். நோவாக் என்ற சோதனையில் ஆயிலை 250 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து எவ்வளவு ஆவியானது என்று பார்க்கிறார்கள். ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) தரமான எஸ்என் 15 சதவீதம் வரை விடுகிறது, ஏசிஇஏ ஏ3/பி4 13 சதவீதத்தில் நிறுத்துகிறது. தரவுத் தாளில் 10க்குக் கீழே உள்ள ஆயிலுக்கு மாறினாலே சில இன்ஜின்களில் குறைவது கண்கூடாக மட்டுப்படும். கடுங்குளிர் இல்லாத இடத்தில் 0டபிள்யூ-40ஐ விட 10டபிள்யூ-40க்கு இந்த விஷயத்தில் பொதுவாக அனுகூலம் உண்டு.

மஸ்டா ஆர்எக்ஸ்-7 வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியைத் தலைகீழாகப் படிக்க வேண்டும். ரோட்டரி இன்ஜினில் முனை சீல்களுக்கு மசகு கொடுக்க, மீட்டரிங் பம்ப் சம்ப்பிலிருந்தே ஆயில் எடுத்து உள்ளே செலுத்துகிறது. ஆயில் குறைவதுதான் ஆரோக்கியம். குறையவே இல்லை என்றால் பம்ப் வேலை செய்கிறதா என்று உடனே பாருங்கள்.

சத்தம் மெல்லக் கூடுகிறது, ஒரு சிலிண்டர் பலமிழக்கிறது

இது கேம் தேய்மானமாக இருக்கலாம். உங்கள் இன்ஜினில் டேப்பெட் கேம் மேல் வழுக்கிக்கொண்டு ஓடுகிறதா, ரோலர் வைத்து உருள்கிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள். ஃபோர்டு மஸ்டாங்கின் 5.0 வி8 1985இல் ரோலருக்கு மாறியது, செவ்ரோலே ஸ்மால் பிளாக் 1987இல் மாறியது. ரோலர் என்றால் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம்.

வழுக்கும் டேப்பெட்டைக் காப்பது இசட்டிடிபி என்னும் துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மானம். பாஸ்பரஸ் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும் என்பதால் அதற்கு உச்சவரம்பு வந்தது. 2004இல் வந்த ஏபிஐ எஸ்எம் தரத்தில், 30 மற்றும் அதற்கு மெல்லிய கிரேடுகளுக்கு பாஸ்பரஸ் 0.06 முதல் 0.08 சதவீதம்தான். பலரும் கவனிக்காத விஷயம், 10டபிள்யூ-40, 20டபிள்யூ-50 போன்ற கெட்டி கிரேடுகளுக்கு அந்த உச்சவரம்பு கிடையாது. ஆகவே "புது ஆயிலெல்லாம் பழைய கேமைத் தின்னும்" என்பது பாதி உண்மைதான். தரவுத் தாளில் பாஸ்பரஸ் 0.10 முதல் 0.12 சதவீதம் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். ஆயிலே சரியாக அமைந்துவிட்டால், தனியாக பாட்டிலில் வரும் துத்தநாகச் சேர்மானத்தை மேலே ஊற்ற வேண்டாம். கூடிப்போனால் அதுவே தேய்மானத்தைத் தூண்டும்.

ஏற்கெனவே கேம் மழுங்கிவிட்டால் ஆயில் அதை வளர்க்காது. கேமும் டேப்பெட்டும் சேர்த்தே மாற்ற வேண்டும். புதுக் கேமை முதல்முறை ஓட்டும்போது ஐடிலில் விடாமல் 2000 முதல் 2500 ஆர்பிஎம்மில் இருபது நிமிடம் வையுங்கள். ஐடிலில் கேமுக்குத் தெறிக்கும் ஆயில் போதாது.

சிந்தெடிக்குக்கு மாறியதும் கசிவு

சிந்தெடிக் சீலைத் தின்றுவிட்டது என்பார்கள். உண்மையில் இறுகி வெடித்த சீலை அழுக்கு அடைத்துக்கொண்டிருந்தது, புது ஆயில் அந்த அழுக்கைக் கழுவிவிட்டது. லேசான ஈரம் என்றால் சீலை மிருதுவாக்கும் சேர்மானம் கொண்ட, அதிகக் கிலோமீட்டர் ஓடிய இன்ஜின்களுக்கான ஆயிலைப் போட்டுச் சில ஆயிரம் கிலோமீட்டர் பாருங்கள். சொட்டினால் சீல் மாற்றுங்கள்.

டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் வாசனை, அளவு ஏறுகிறது

ஆயில் தானாக ஏறாது. கசியும் இன்ஜெக்டர், அளவுக்கு மீறிய ரிச் மிக்சர் (பெட்ரோல் கூடிய கலவை), பெரிய இன்ஜெக்டர் மாட்டிச் சரியாக டியூன் செய்யாதது ஆகியவற்றில் ஒன்று. இந்த நிலையில் 40 ஆயில் 30 போல நடந்துகொள்ளும், பிரஷர் விழும். மூலக் காரணத்தைச் சரிசெய்துவிட்டு ஆயிலை மாற்றுங்கள், கிரேடை அல்ல. ஃபில்லர் மூடியின் அடியில் மட்டும் வெளிர் குழம்பு படிந்திருந்தால் குறுகிய ஓட்டத்தால் வந்த ஈரம், ஒரு நீண்ட பயணத்தில் போய்விடும். டிப்ஸ்டிக்கிலும் அதே நிறம், கூலன்டும் குறைகிறது என்றால் ஹெட் கேஸ்கட்.

மேல் ஆர்பிஎம்மில் இழுப்பு வரவில்லை

மேல் ஆர்பிஎம்மில் வால்வுகளை வேறு கேமுக்கு மாற்றும் ஹோண்டாவின் விடெக் அமைப்பு ஆயில் அழுத்தத்தில்தான் மாறுகிறது. அளவு குறைந்தாலோ, அந்த ஆயிலைத் திறந்துவிடும் சொலினாய்டின் (மின் வால்வு) சல்லடை அடைத்தாலோ மாறாது. ஆயிலை நிரப்பி, சல்லடையைச் சுத்தம் செய்து பாருங்கள். மற்ற மாடல்களில் வால்வு டைமிங் மாற்றும் அமைப்பு பிழைக் குறியீடு காட்டினால், அண்மையில் கிரேடு கூட்டியிருக்கிறீர்களா என்று யோசியுங்கள். கெட்டி ஆயில் அந்த நுண் வால்வுகளில் தாமதமாகவே போகும்.

டிராக்கில் வளைவுகளில் பிரஷர் விழுகிறது

நீண்ட வளைவில் ஆயில் சம்ப்பின் ஒரு பக்கம் ஒதுங்கி, சல்லடை காற்றை உறிஞ்சுகிறது. 60 ஊற்றினாலும் காற்றைத்தான் உறிஞ்சும். தடுப்பு வைத்த சம்ப் வேண்டும், அதுவரை அளவை மேல் கோட்டிலேயே வைத்திருங்கள். நேர்ச் சாலையிலும் பிரஷர் மெல்ல இறங்கி, ஆயில் 130 டிகிரியைத் தாண்டுகிறது என்றால் ஆயில் கூலர் மாட்டுங்கள். கூலர் வந்தபின் கிரேடு ஒரு படி கூட்ட வேண்டுமா என்று பிரஷர் எண்ணைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

புது ஆயில் ஊற்றிய பிறகு

அதே மெக்கானிக்கல் கேஜில், அதே சூட்டில், ஐடிலும் 3000மும் மறுபடி அளந்து பழைய எண்களுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். 1000 கிலோமீட்டருக்கு எத்தனை மில்லி ஊற்ற வேண்டியிருக்கிறது என்பதையும் குறியுங்கள். அடுத்த மாற்றலில் பழைய ஆயிலைக் கொஞ்சம் எடுத்து ஆய்வுக்கு அனுப்பினால், காதுக்கு எட்டாததும் தெரியும். ஈயமும் செம்பும் கூடினால் பேரிங், இரும்பு கூடினால் கேம் அல்லது சிலிண்டர் சுவர், சிலிக்கான் கூடினால் ஏர் ஃபில்டர் வழியே தூசி, சோடியமோ பொட்டாசியமோ வந்தால் கூலன்ட். ஒரே ஒரு அறிக்கையை வைத்து முடிவு கட்டாமல், அடுத்தடுத்த இரண்டு மாற்றல்களின் எண்களை ஒப்பிடுங்கள். புதிதாக ஓவர்ஹால் செய்த இன்ஜினில் முதல் அறிக்கை எப்போதும் மோசமாகத்தான் இருக்கும்.